ஆண்மைக்குறைவு என்னும் வணிகச் சொல்

சென்ற பருவத்தின் விடைத்தாள் திருத்தம் முடிந்த மறுநாள், எம் கல்லூரி ஆசிரியர் அறையில் இயற்பியல் துறையைச் சேர்ந்த மூத்த நண்பர் ஒருவர் மடித்த தாள் ஒன்றை நம்மிடம் நீட்டினார். அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. அறையில் வேறெவரும் இல்லாத வேளை பார்த்துத்தான் நீட்டினார். நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்று தள்ளுபடி விலையில் செய்து தந்த முழுவுடல் பரிசோதனையின் அறிக்கை அது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று பல வரிகள். அவற்றிடையே டெஸ்டோஸ்டிரோன் என்ற வரிக்கு நேரே 271 என்னும் எண் தடித்த எழுத்தில் நின்றது. பக்கத்தில் கீழ்நோக்கிய அம்புக்குறி.

"தமிழய்யா, கிளினிக்ல இதை ஆண்மைக்குறைவுன்னு சொல்லிட்டாங்க. மூணு மாசத்துக்கு ஒரு ஊசியாம். வீட்டுல சொல்லல" என்றார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக மாணவர்களுக்கு அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பாடம் நடத்தி வருபவர் அவர். ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடிவெழுதும் மாணவனுக்குச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடமாட்டார். அப்படிப்பட்டவர், ஒரு மாலைப் பொழுதில், உண்ட வயிற்றோடு, காய்ச்சலிலிருந்து எழுந்த இரண்டாம் வாரத்தில் எடுக்கப்பட்ட ஒற்றை அளவீட்டை அப்படியே நம்பிவிட்டார். எண் அவரை வீழ்த்தவில்லை என்பதே நம் கருத்து. எண்ணுக்கு அருகே வைக்கப்பட்ட சொல்தான் வீழ்த்தியது.

நாம் மருத்துவர் அல்லர். தமிழ் படித்தவர், தமிழ் கற்பிப்பவர். உடலைப் பற்றிப் பேச உமக்கு என்ன உரிமை என்று கேட்கும் நண்பர்களுக்கு நம் விடை இது: ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஒரு ஹார்மோனின் அளவு. அதனை 'ஆண்மை' என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அவர் எம் துறைக்குள் நுழைந்துவிட்டார். அவரோடு வழக்காட எமக்கு உரிமை உண்டு.

முதலில் அந்த எண். டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் விரைகளில் உள்ள லெய்டிக் செல்களில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்னும் கட்டளை மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. அதற்கும் மேலே ஹைப்போதலாமஸ் இருக்கிறது. சுரப்பு மிகுந்தால் கட்டளை தணியும். குறைந்தால் கட்டளை உயரும். இந்த ஏற்பாடு ஒரே சீராக ஓடுவதன்று. காலையில் உச்சத்தில் இருக்கும் அளவு மாலையில் இறங்குகிறது. உணவு உண்டால் இறங்குகிறது. காய்ச்சலில் இறங்குகிறது. உறக்கம் கெட்டால் இறங்குகிறது: 2011இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வாரம் நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்கவிடப்பட்ட நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களுக்கே பகல்நேர அளவு பத்து முதல் பதினைந்து விழுக்காடு வரை வீழ்ந்தது. வலி நீக்கத்துக்கான ஓபியாய்டு மருந்துகளாலும் ஸ்டீராய்டுகளாலும் இறங்குகிறது. தொப்பையால் வெகுவாக இறங்குகிறது. உடல் மெலிந்தால் ஏறவும் செய்கிறது. வயதால் இறங்குவதும் உண்மையே. ஆனால் அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காட்டு அளவிலான மெல்லிய சரிவு. பெண்களுக்கு மாதவிடாய் நிற்பதைப் போல ஆணுக்கு ஒரு 'நிற்றல்' கிடையாது. 'ஆண்ட்ரோபாஸ்' என்று ஒரு சொல்லைச் செய்து உலவவிட்டவர்கள் இவ்வேறுபாட்டை வாசகர் மறக்க வேண்டும் என்றே விரும்பினர் போலும்.

ஆகவேதான், காலையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாள்களில் குறைந்தது இரண்டு முறை அளந்து பார்க்காமல் குறைவு என்று சொல்லாதே என்று மருத்துவ நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன. அளவோடு நோய்க்குறியும் சேர்ந்திருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. நண்பரின் ஒற்றை 271 இவற்றில் எந்த வாயிலையும் கடக்கவில்லை.

தேர்ச்சி மதிப்பெண்ணின் கதை இன்னும் சுவையானது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஒரு டெசிலிட்டர் குருதியில் 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு. அதே ஆண்டு அதே நாட்டின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் சுட்டிய எல்லை 264. அதுவும் பருமன் இல்லாத 19 முதல் 39 வயது வரையிலான ஆண்களை அளந்து கண்ட வரம்பின் அடிக்கோடு. ஐரோப்பியச் சிறுநீரியலாரின் 12 நானோமோல் என்னும் கோட்டை இதே அலகில் சொன்னால் ஏறக்குறைய 346. அதாவது 320 வைத்திருக்கும் ஒருவர் நியூயார்க்கில் விமானம் ஏறும்போது நலமுள்ளவர். ஆம்ஸ்டர்டாமில் இறங்கும்போது நோயாளி. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் தேர்ச்சி மதிப்பெண் மாறுவதை நாம் அறிவோம். ஆனால் நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்தவனை அழைத்து 'நீ மனிதனே அல்லன்' என்று நாம் சொல்வதில்லை.

இந்தப் பித்து புதிதன்று. 1889 ஜூன் முதல் நாள், பாரிஸ் நகரின் உயிரியல் கழகத்தில், ஷார்ல் எதுவார் பிரௌன்-செக்கார் என்னும் பேரறிஞர் எழுந்து நின்றார். முதுகுத் தண்டுவடம் பற்றிய ஆய்வுகளால் உலகம் போற்றிய மனிதர். அப்போது வயது 72. நாயின் விரையையும் கினிப் பன்றியின் விரையையும் நசுக்கி எடுத்த சாற்றைத் தம் தோலுக்கடியில் ஏற்றிக்கொண்டதாகவும், படிகளில் ஓடி ஏறும் வலிமை மீண்டதாகவும் அறிவித்தார். முன்கையின் வலிமையைக் கருவியால் அளந்து சொன்னார். சிறுநீர்த் தாரை எவ்வளவு தொலைவு போய் விழுகிறது என்பதையும் அளந்து சொன்னார். (அறிவியல் வரலாற்றில் இதைவிட நேர்மையான அளவீடு உண்டா என்று ஐயுறுகிறோம்.) ஆயினும் டெஸ்டோஸ்டிரோன் நீரில் கரைவது மிகச் சொற்பம், அவர் ஏற்றிக்கொண்ட நீர்ச்சாற்றில் உடலை அசைக்கும் அளவுக்கு அது இருந்திருக்க வழியில்லை. அவர் ஏற்றிக்கொண்டது தம் நம்பிக்கையையே. ஐந்து ஆண்டுகளுக்குள் மறைந்தார். ஆனால் அதற்குள் 'உயிர்ச்சாறு' ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைச்சரக்காகிவிட்டது.

அடுத்து வந்தவர் வியன்னாவின் அய்கன் ஸ்டைனாக். விந்துக்குழாயைக் கட்டிவிட்டால், விந்து உண்டாக்கச் செலவாகும் ஆற்றல் உள்ளே திரும்பி, ஹார்மோன் செல்கள் செழித்து இளமை மீளும் என்பது அவர் கோட்பாடு. இன்று குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் செய்யப்படும் அதே வாசக்டமிதான். பெயர் மட்டும் இளமை மீட்பு. 1923இல் சிக்மண்ட் பிராய்டு இந்த அறுவையைச் செய்துகொண்டார். தாடைப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டாமல் இருக்கும் என்ற நம்பிக்கையில். பயன் ஏதும் அவர் காணவில்லை. அதே காலத்தில் பாரிஸில் செர்ஜ் வோரனோப் என்பவர் குரங்கின் விரைத் துண்டுகளைச் செல்வந்தர்களின் உடலில் ஒட்டிக்கொண்டிருந்தார். கான்சாஸ் மாநிலத்தின் மில்போர்டு என்னும் சிற்றூரில் ஜான் பிரிங்க்லி ஆட்டின் விரைகளை வைத்துத் தைத்துக் கோடீசுவரரானார்.

நம் வாசகர்களுக்கு நெருக்கமான பெயர் ஒன்று இப்பட்டியலில் உண்டு: டபிள்யூ. பி. யேட்ஸ். 1934 ஏப்ரலில், 69 வயது நிறைய இரண்டு மாதங்கள் இருக்கையில், லண்டனில் நார்மன் ஹேர் என்னும் மருத்துவரிடம் இதே ஸ்டைனாக் அறுவையை அவர் செய்துகொண்டார். டப்ளின் பத்திரிகைகள் அவரைச் 'சுரப்பிக் கிழவர்' என்று எள்ளின. தமக்கு ஒரு இரண்டாம் பருவம் வாய்த்ததாக யேட்ஸ் நம்பினார். 1939 ஜனவரியில் இறக்கும் வரை ஆவேசமாக எழுதினார். அக்கடைசிக் கவிதைகளைப் படிக்காமல் அவரைப் படித்ததாகச் சொல்ல இயலாது. உடனே இலக்கிய அன்பர்கள் சிலர், பார்த்தீரா, அறுவை பலித்தது என்கிறார்கள். நாம் இதை முழுமையாக மறுக்கிறோம். விந்துக்குழாயைக் கட்டுவதால் டெஸ்டோஸ்டிரோன் ஏறுவதில்லை. கோடிக்கணக்கான ஆண்கள் செய்துகொண்ட பிறகு இதில் ஐயத்துக்கு இடமில்லை. அப்படியானால் அக்கவிதைகள் எங்கிருந்து வந்தன? நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செதுக்கிய கை, சாவு அண்மையில் நிற்கிறது என்னும் தெளிவு, மூப்பின் மீதான கோபம். இவற்றிலிருந்து வந்தன. மூப்பை ஒழித்ததால் வந்த கவிதைகள் அல்ல அவை. மூப்போடு மல்லுக்கு நின்றதால் வந்தவை. அறுவை அவருக்குத் தந்தது ஓர் அனுமதி. 'நீ முடிந்துவிடவில்லை' என்று யாரோ சொல்ல வேண்டியிருந்தது. அதனை ஒரு நல்ல வாசகரும் சொல்லியிருக்கலாம். கத்தி எடுத்திருக்க வேண்டியதில்லை.

உண்மையான பொருள் கைக்கு வந்தது 1935இல். ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு, 100 கிலோ காளை விரைகளிலிருந்து 10 மில்லிகிராம் அளவே பிரித்தெடுத்து, அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயரிட்டது. அதே ஆண்டில் அடால்ப் புட்டநான்ட், லெயோபோல்ட் ருசிச்கா ஆகிய இருவரும் தனித்தனியே அதனைச் செயற்கையாக ஆக்கினர். 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. மருந்து கிடைத்துவிட்டது. எவருக்குக் கொடுப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. விரைகளோ பிட்யூட்டரியோ பழுதுற்ற நோயாளிகள் இருந்தனர். அவர்களுக்கு இது உண்மையிலேயே வாழ்வளித்தது. ஆனால் அவர்கள் தொகை சிறிது. நலமாக மூப்படையும் ஆண்களோ உலகெங்கும் இருக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டில் தோளில் தடவிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஊசியின் அச்சம் போயிற்று. வேண்டியது நோயாளிகள் மட்டுமே. அவர்களை உண்டாக்கும் வினாத்தாள் ஒன்றும் ஆயத்தமாக இருந்தது. செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் முதியோர் மருத்துவர் ஜான் மார்லி, ஆர்கனான் என்னும் மருந்து நிறுவனத்துக்காக ஆக்கிய பத்துக் கேள்விகள் அவை. காமம் குறைந்ததா, ஆற்றல் குறைந்ததா, வலிமை குறைந்ததா, உயரம் குறைந்ததா, வாழ்வில் சுவை குறைந்ததா, துயரமோ சிடுசிடுப்போ உண்டா, இரவு உணவுக்குப் பின் கண் அயர்கிறதா, அண்மையில் வேலைத்திறன் குன்றியதா என்று இப்படிப் போகும். குறிப்பிட்ட இரண்டில் ஒன்றுக்கு ஆம், அல்லது மற்றவற்றில் ஏதேனும் மூன்றுக்கு ஆம் என்றால் உமக்குக் குறைபாடு இருக்கலாம். விடைத்தாள் திருத்தும் முகாமில் பத்து நாள் உட்கார்ந்த எந்த ஆசிரியரும் ஐந்துக்காவது ஆம் போடுவார். பெண் ஆசிரியர்களும் போடுவார்கள். இந்த வினாத்தாளைத் தாம் குளியலறையில் அமர்ந்து, கழிவறைத் தாளில், இருபது நிமிடத்தில் எழுதியதாக மார்லியே 2013இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழிடம் கூறினார். அது சிறந்த வினாத்தாள் அன்று என்றும் ஒப்புக்கொண்டார். நாம் அவரைப் பழிக்கவில்லை. உண்மையைச் சொன்ன மனிதர். ஆனால் அந்தத் தாளின் சந்ததிகள் இன்று நம் கைப்பேசித் திரைகளிலும் வந்து கேள்வி கேட்கின்றன.

'லோ டீ' என்று அந்நோய்க்கு அமெரிக்க விளம்பரங்கள் பெயர் சூட்டின. (நம் ஊர்த் தேநீர்க் கடையில் இப்படிக் கேட்டால் சர்க்கரை குறைத்து ஆற்றித் தருவார்கள்.) அந்நாட்டில் நாற்பது வயதைக் கடந்த ஆண்களில் டெஸ்டோஸ்டிரோன் எடுப்போர் 2001இல் 0.81 விழுக்காடு, 2011இல் 2.91 விழுக்காடு. பத்தாண்டில் மூன்று மடங்குக்கும் மேல். புதிதாகத் தொடங்கியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு முந்தைய ஓராண்டில் குருதியில் அளவு பார்த்ததற்கான பதிவே இல்லை. 2015 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தலையிட்டது. விரை, பிட்யூட்டரி, மூளை ஆகியவற்றின் கோளாறால் குறைந்தவர்களுக்கே இம்மருந்து ஒப்புதல் பெற்றுள்ளது, வயதால் மட்டும் குறைந்தவர்களுக்கு இதன் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று எழுதச் சொன்னது. அதற்குள் விற்றது விற்றாயிற்று.

உண்மையில் இந்நோய் எத்தனை பேருக்கு? எட்டு ஐரோப்பிய நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2010இல் வெளிவந்த முடிவு, அளவும் குறைந்து அதற்குரிய மூன்று பாலியல் குறிகளும் சேர்ந்திருந்தவர்கள் 2.1 விழுக்காடு என்றது. நூற்றுக்கு இருவர். களைப்பும் சோர்வும் மறதியும் வேறு ஆயிரம் காரணங்களால் வருபவை என்பதை அந்த ஆய்வு சொல்லாமல் சொல்லிற்று.

மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டார்கள். 65 வயதைக் கடந்த, அளவு 275க்குக் கீழிருந்த 790 பேரை வைத்து ஒரு பெருஞ்சோதனை. அந்த 790 பேரைக் கண்டுபிடிக்க 51,085 பேரைச் சலிக்க வேண்டியிருந்தது! 2016, 2017ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வந்தன. காமமும் உறவுத் திறனும் ஓரளவு கூடின; அதுவும் காலப்போக்கில் தணிந்தது. எலும்பின் அடர்த்தி கூடிற்று; சோகை குறைந்தது. களைப்புக்குக் குறிப்பிடத்தக்க பயனில்லை. நினைவாற்றலுக்குப் பயனே இல்லை. இதயத் தமனிகளில் படிவு மிகுந்தது கண்டு அஞ்சினர். பின்னர் 2023இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் செய்த மற்றொரு சோதனை, மாரடைப்பும் பக்கவாதமும் இம்மருந்தால் கூடவில்லை என்று காட்டியது. இதை மறைப்பது நேர்மையாகாது. மருந்தை நஞ்சென்று கூவுவோரோடும் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அதே சோதனையில் இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையும் நுரையீரலில் குருதிக் கட்டியும் திடீர்ச் சிறுநீரகப் பழுதும் சற்றுக் கூடுதலாக இருந்தன. எலும்பு அடர்த்தி கூடும் என்று சொன்னோம் அல்லவா? 2024இல் வெளியான அதன் மற்றொரு பகுதி, மருந்து எடுத்தோர்க்கு எலும்பு முறிவு குறையவில்லை, கூடிற்று என்றது. உடல் என்பது ஒரு கணியைத் திருகினால் ஒன்று மட்டும் நகரும் பொறியன்று. 2025இல் இரத்த அழுத்தம் உயரக்கூடும் என்ற எச்சரிக்கையையும் எல்லா டெஸ்டோஸ்டிரோன் மருந்துகளின் குறிப்பேட்டிலும் சேர்க்கச் சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு, அதை விற்பவர்கள் மெல்லிய குரலில்தான் சொல்வார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும். விரை உறங்கிவிடும். விந்தணு அருகும், பலருக்கு அற்றே போகும். ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே இதைச் சோதித்துள்ளனர். 'ஆண்மை' வாங்கப் போனவன் மலட்டுத் தன்மையோடு திரும்புகிறான். ஊசியை நிறுத்தினால் சொந்தச் சுரப்பு விழித்தெழ மாதங்கள் ஆகும். அந்த இடைக்காலச் சோர்வே அவனை மீண்டும் அந்த வாசலுக்கு அழைத்துவரும். இதழ்களுக்குச் சந்தா சேர்க்கத் தெரியாமல் தவிக்கும் சிற்றிதழாளர்கள் இந்த உத்தியைக் கவனிக்க வேண்டும்.

இனி, சொல்லுக்கு வருவோம்.

தமிழ்நாட்டின் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களைப் படிக்காமல் வளர்ந்த ஆண் எவரும் இல்லை. 'ஆண்மைக்குறைவா?' என்று தொடங்கும் அந்தச் சுவரொட்டிகளும், குறித்த நாளில் குறித்த விடுதியில் முகாமிடும் பரம்பரை வைத்தியர்களும் நம் மண்ணின் நெடுநாள் காட்சி. பாலின்ப ஆற்றலைப் பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை இந்திய அரசு 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டத்தாலேயே தடை செய்துவிட்டது. சட்டத்துக்கு எழுபது வயது கடந்தது. சுவரொட்டிக்கு இளமை மாறவில்லை. இன்று நடந்திருப்பது ஒன்றே: அந்தச் சுவர் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. லேகியம் ஊசியாயிற்று. நாடி பிடித்தவர் இடத்தில் அம்புக்குறி போட்ட அறிக்கை. சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தச் சொல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆண்மை என்பது 'ஆள்' என்னும் வினையடியோடு உறவுடையது. வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை எல்லாம் அந்த வேரின் கிளைகள். எவற்றிலும் விரை இல்லை. வள்ளுவர் 'பேராண்மை' என்ற சொல்லை ஓரிடத்தில் படைச்செருக்கைப் பேசும்போது ஆள்கிறார். மற்றோரிடத்தில், பிறன்மனை விழையாதிருக்கும் அடக்கத்துக்குச் சூட்டுகிறார். காமத்தை ஆளும் திறனுக்கு இட்ட பெயரைக் காமத்தின் அளவுக்கு இட்டுவிட்டது நம் வணிகம். மறுபுறம் பெரியார், 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் இறுதிப் பகுதிக்கு, பெண்கள் விடுதலைக்கு ஆண்மை அழிய வேண்டும் என்னும் பொருளிலேயே தலைப்பிட்டார். பெண்ணின் பொருட்டு அவர் கேட்டதை ஆணின் பொருட்டும் கேட்க வேண்டிய நாள் வந்திருக்கிறது. பாருங்கள்: தைராய்டு குறைந்தால் அது தைராய்டு குறைவு. இன்சுலின் குறைந்தால் நீரிழிவு. இந்த ஒரு ஹார்மோன் குறைந்தால் மட்டும் ஆளே குறைந்தவன். பெண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அவர்களுக்குக் குறைந்தால் என்ன குறைந்தது என்று இச்சொல்லை ஆள்வோர் விளக்கட்டும்.

ஒரு நண்பர் நம்மிடம் வாதிட்டார்: "மக்கள் வழக்கில் இருக்கும் சொல்தானே, புரிந்தால் போதாதா?" என்று. போதாது. ஏனெனில் அது புரியவைப்பதில்லை; வாயை அடைக்கிறது. எம் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவரின் கதையைச் சொன்னால் விளங்கும். தஞ்சை மாவட்டத்து ஊரொன்றில் உரக்கடை வைத்திருந்தார். நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு விருப்பம் அற்றது, சவரம் செய்வது வாரத்துக்கு ஒன்றாயிற்று, தலைவலி ஓயவில்லை. மூன்றாண்டுகள் விடுதி வைத்தியரிடம் பொட்டலம் பொட்டலமாகப் பணத்தைக் கரைத்தார். அண்ணியாரிடம்கூட வாய் திறக்கவில்லை. பிறகு நடக்கையில் வாசற்காலில் தோளை இடித்துக்கொள்ளத் தொடங்கினார். மிதிவண்டியில் போகையில் பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் தெரியவில்லை. கண் மருத்துவர்தாம் கண்டுபிடித்தார். இரு பக்கப் பார்வையும் சுருங்கியிருந்தது. பிட்யூட்டரியில் வளர்ந்த கட்டி, பார்வை நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டிதான் டெஸ்டோஸ்டிரோனுக்கான கட்டளையையும் நிறுத்தியிருந்தது. புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும் வகை, மாத்திரையிலேயே சுருங்கியது. பார்வையில் இழந்ததில் ஒரு பகுதி திரும்பவில்லை.

அவருக்கு இருந்தது உண்மையான குறைவு. நூற்றுக்கு இருவரில் ஒருவர். முதலாண்டிலேயே குருதியை அளந்திருந்தால் கண் தப்பியிருக்கும். அவரைத் தடுத்தது எது? பெயர் சொல்லக் கூசும் நோய் என்பதே. ஆக, இச்சொல் இரு பக்கமும் வெட்டுகிறது. நோயில்லாத இயற்பியல் நண்பரை ஊசியிடம் துரத்துகிறது. நோயுள்ள அண்ணனை மருத்துவமனையிலிருந்து துரத்திற்று. நாம் சிகிச்சைக்கு எதிரி என்று எவரேனும் இக்கட்டுரையைச் சுருக்கிச் சொன்னால் அவர் இப்பத்தியைத் தாண்டிச் சென்றவர்.

இவ்வளவு வயதாகியும் நரை இல்லையே, எப்படி என்று பிசிராந்தையாரைக் கேட்டார்கள். புறநானூற்றின் 191ஆம் பாட்டு அதற்கு அவர் சொன்ன விடை. அதில் மூலிகை இல்லை, கற்பம் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரில் வாழும் சான்றோர் என்று தம்மைச் சூழ்ந்த மாந்தரையே காரணமாக அடுக்குகிறார். மருத்துவ உண்மையாக நாம் இதனை முன்வைக்கவில்லை. நரைக்கு மரபணுவே முதற்காரணம் என்பதை நம் தலையே சொல்லும். ஆனால் கேள்வி வந்தபோது அவர் எந்தத் திசையில் திரும்பினார் என்பதைக் கவனியுங்கள். தம் உடலுக்குள் அல்ல. தம் வீட்டையும் ஊரையும் நோக்கி. ஐம்பது வயதில் களைத்துப்போன இன்றைய ஆண் கேட்க வேண்டிய கேள்விகளும் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் இருக்கின்றன: எத்தனை மணி நேரம் உறங்குகிறாய், யாரோடு பேசுகிறாய், எவ்வளவு நடக்கிறாய், எவ்வளவு குடிக்கிறாய், சர்க்கரையைப் பார்த்தாயா, எதற்காக இன்னும் அழுதுகொண்டிருக்கிறாய்? இவற்றுக்குக் களிம்பு இல்லை. ஆகவே இவற்றைக் கேட்க எவரும் முதலீடு செய்வதில்லை.

நண்பர் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், வேறோர் ஆய்வுக்கூடத்தில் அளந்தார்: 388. அடுத்த வாரம் மீண்டும்: 402. மூன்று எண்களையும் ஒரு வரைபடத் தாளில் குறித்து, பிழைக்கோடுகளும் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அவர் தம் துறைக்குத் திரும்பிவிட்டார் என்று தெரிந்தது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 7.9 இருந்தது. முதல் அறிக்கையிலும் அந்த வரி இருந்தது, அதற்கும் அம்புக்குறி இருந்தது. அதைப் பற்றிக் கிளினிக்கில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. இரவில் அவர் விடும் குறட்டையைப் பற்றித் துணைவியார் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததும், இடையிடையே மூச்சு நின்றுபோவதும் பிறகே வெளிவந்தன. இப்போது இரண்டுக்கும் மருத்துவம் நடக்கிறது.

சென்ற வாரம் எம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவன் ஒருவன், ஊர்ப்புற மருத்துவ முகாமுக்கான துண்டறிக்கையைப் பிழை பார்க்கக் கொண்டுவந்தான். 'நாற்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு ஆண்மைக்குறைவுப் பரிசோதனை இலவசம்' என்று ஒரு வரி. அந்தச் சொல்லை அடித்தோம். "அப்ப என்னய்யா போடுறது?" என்றான். 'டெஸ்டோஸ்டிரோன் அளவு: மருத்துவர் பரிந்துரைத்தவர்களுக்கு மட்டும், காலையில், வெறும் வயிற்றில்' என்று எழுதிக் கொடுத்தோம். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவும் ஒரு வரியில் அடங்காது, எழுத்தைச் சிறிதாக்கினால் கிழவர்களுக்குத் தெரியாது என்றான். சர்க்கரைப் பரிசோதனை என்பதை மேலே பெரிதாகப் போட்டுவிட்டு இதைக் கீழே இரண்டு வரியாக ஒடிக்கச் சொன்னோம்.